எக்காளத்தின் தொண்டை

"குசுகுசுன்னு பேசினா தொண்டைக்கு நல்லதுன்னு உனக்கு எவன் சொன்னான்?"

பக்கத்து வீட்டு அண்ணன்காரன் தங்கையிடம் போட்ட சத்தம் என் சமையலறைச் சுவரைத் தாண்டி வந்தது. நான் உடனே அடுப்பை அணைத்தேன். பால் பொங்குகிற சத்தத்தில் ஒரு வார்த்தை தப்பிவிடக் கூடாதே.

தங்கைக்காரிக்கு எங்கள் மாடியில் வைத்திருக்கும் பெயர் எக்காளம். ஜாஸ் பாடுகிறவள், பாட்டில் வார்த்தையே இருக்காது. அவர்கள் குழுவில் டிரம்பெட் ஊத ஆளில்லை. இவளே வாய்க்கு முன்னால் கையைக் குவித்துக்கொண்டு டிரம்பெட்டாக முழங்கிவிடுவாள். அண்ணன் டிரம்ஸ். தினமும் காலையில் உச்சத்தில் ஒரு சுரம் பிடித்துப் பார்ப்பாள். அது வந்தால்தான் எங்களுக்கெல்லாம் விடியும்.

கொஞ்ச நாளாக அந்தச் சுரத்தில் கீறல். சனிக்கிழமையோ ஹோட்டலில் கச்சேரி. நன்றாக அமைந்தால் வாராவாரம் இவர்கள்தான்; சொதப்பினால் நிஜ டிரம்பெட்காரனையே வைத்துக்கொள்வதாக முதலாளி முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார். தொண்டை டாக்டர் பேசவே கூடாது என்றாராம். இவள் குரலை மிச்சம் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு நாள் முழுக்கக் குசுகுசுத்திருக்கிறாள். அது கத்துவதைவிட மோசமாம். எனக்கே பகீரென்றது, குசுகுசுப்பதில் என் அனுபவம் அப்படி.

அப்புறம் சுவருக்கு அந்தப்பக்கம் மூச்சில்லை. கரண்டி விழுந்தால்கூட எனக்குத் திக்கென்றது.

சனிக்கிழமை பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன். கையைக் குவித்தாள், ஏறினாள். உச்சியில் வெறும் காற்றுதான் வந்தது. அண்ணனின் குச்சி அந்தரத்தில் நின்றது. முதலாளி கதவோரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அவள் கையை இறக்கினாள். அடித்தொண்டையில், மூலையில் நின்ற பெரிய பாஸ் வாத்தியத்தின் கீழ்ச்சுர வேலையைப் பிடுங்கிக்கொண்டாள். பாஸ்காரன் தந்தியிலிருந்து விரலை எடுத்துவிட்டு முறைத்தான். அவள் அவனைப் பார்க்கவேயில்லை. கடைசிவரை தரையோடு தரையாகவே போனாள். குச்சியும் ஒருவழியாக இறங்கியது.

மேடையைவிட்டு வந்ததும் கேட்டாள்: "அண்ணா, மேல இனிமே வராதா?"

"தெரியல. இப்பப் பேசாத."

வரவில்லை. முதலாளி சொன்னபடி டிரம்பெட்காரனைக் கொண்டுவந்தார். கீழ்க்குரலுக்கு இவளையும் நிறுத்திக்கொண்டார். பாஸ்காரன் கோபித்துக்கொண்டு ஊரைவிட்டே போனான். எக்காளம் அந்த டிரம்பெட்காரனையே கட்டிக்கொண்டு ஆற்றுக்கு அந்தப்பக்கம் குடிபோய்விட்டாள். அவன் உச்சத்தில் தடுமாறினால் உள்ளறையிலிருந்து, "இன்னும் கொஞ்சம் மேல" என்று குரல் வருமாம்.

அண்ணன்காரன் மட்டும் இன்னும் பக்கத்து வீட்டில்தான். நானும் அவனுக்குப் பெண் பார்க்கிறேன். டிரம்ஸ் என்றதும் ஓடிவிடுகிறார்கள்.