அண்ணியின் எடை போன இடம்

மெத்தைக் கடைக்காரரின் மனைவி தன் ஒன்பதாவது நாவலின் நான்காம் அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருந்தபோது நாற்காலியை விட்டு ஒரு முழம் மேலே எழுந்தாள். எழுதிக்கொண்டிருந்த வாக்கியத்தை முடித்த பிறகுதான் கீழே பார்த்தாள். எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் ஜன்னல் வழியாக இதைக் கவனித்து, "மேலதான இருக்கீங்க, அப்படியே அந்த ஃபேன்ல இருக்கற தூசியையும் தட்டிடுங்க" என்றாள். மாலையில் கடையை அடைத்துவிட்டு வந்த கணவர் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு புது மெத்தை ஒன்றைக் கொண்டுவந்து அவளுக்கு நேர் கீழே விரித்தார். மெத்தையில் ஒரு குழிகூட விழவில்லை. குழி விழாத மெத்தையை என்ன விலைக்கு விற்கலாம் என்று அவர் யோசித்ததாகப் பின்னால் தெரிந்தது.

அவள் எழுதியவை எல்லாம் மாயக்கதைகள். முதல் நாவல் நன்றாக விற்றது. அதற்குப் பிறகு கணவரின் தம்பி அவற்றைப் படிக்கத் தொடங்கினார். கல்லூரியில் பௌதிகம் நடத்துபவர் அவர். எதைச் சொன்னாலும் "நிரூபணம் இருக்கா?" என்று கேட்பதால் ஊரே அவரை நிரூபணம் என்றுதான் அழைத்தது. அவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டாம் நாவலின் கையெழுத்துப் பிரதியைப் படித்துவிட்டு, இவ்வளவு பெரிய பறக்கும் பாம்புக்கு இந்தச் சிறகு போதாது அண்ணி என்றார். அவள் சிறகை வளர்த்தாள். பாம்பால் தன் குகைக்குள்ளேயே நுழைய முடியவில்லை. கண்ணுக்குத் தெரியாத திருடனின் கண்ணில் ஒளி தங்காது, ஆகவே அவன் குருடன் என்று நிரூபித்தார். திருடன் இரண்டாம் அத்தியாயத்திலேயே சுவரில் முட்டிப் பிடிபட்டான், கதை முடிந்தது. ஏழாம் நாவலில் அரக்கன் மலையைத் தூக்கும் முன் எவ்வளவு சாப்பிட்டிருக்க வேண்டும் என்று கேட்டார். அரக்கன் மூன்று அத்தியாயங்களுக்குச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தான், வாசகர்கள் எழுந்து போய்விட்டார்கள். எட்டாவதைப் பற்றிப் பேச யாரும் விரும்பவில்லை. பதிப்பாளர் நல்ல மனிதர்; இன்னும் ஒன்று மட்டும் போடுகிறேன், அதுவும் படுத்தால் பிறகு சமையல் புத்தகம்தான் என்று சொல்லிவிட்டார். அந்த ஒன்றைத்தான் அவள் கதவைச் சாத்திக்கொண்டு, கொழுந்தனிடம் காட்டாமல் எழுதினாள். மேலே எழுந்ததும் அப்போதுதான்.

அவளால் இறங்க முடியாமல் இல்லை. முதல் வாரம் கணவர் சொன்னதற்காக ஒரு நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து பார்த்தாள். பேனா நகரவில்லை. மறுநாள் மேலே போனதும் அத்தியாயம் ஓடியது. அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டது நிரூபணம் மட்டும்தான். வந்தவர் அவளைச் சுற்றி நடந்து, தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கையை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டு மெத்தையை அழுத்தினார்.

"அண்ணி, உங்க எடை என்ன?"

"போன மாசம் ஐம்பத்தெட்டு. இப்ப தெரியல."

"ஒண்ண மேல தாங்கினா, இன்னொண்ணு கீழ அழுந்தியே ஆகணும். இந்த மெத்தை அழுந்தல. அப்ப அந்த ஐம்பத்தெட்டு கிலோ வேற யார் மேலயோ உக்காந்திருக்கு."

"எடை போனா போகட்டும்டா" என்றார் அண்ணன். "நிறை இருக்குல்ல, எனக்கு அது போதும்." தம்பி சிரிக்கவில்லை. பௌதிகத்தில் நிறை வேறு, எடை வேறு என்று விளக்கினார்.

அவள், "என்னால யாராவது நசுங்கறாங்கன்னா அவங்களே வந்து சொல்லட்டும் தம்பி. அந்த நிமிஷமே இறங்கிடறேன். கதை நின்னாலும் பரவால்ல" என்றாள். சொன்னால் செய்கிறவள் அவள்.

நசுங்குகிற ஆளைத் தேடும் வேலை கடையின் முன்கூடத்தில் தொடங்கியது. ஊர்க்காரர்கள் வரிசையாக வந்து ஒரு மெத்தையில் படுத்தார்கள். எவ்வளவு அழுந்துகிறது என்று நிரூபணம் அளந்தார். ரொட்டிக்கடைக்காரி தன் உடம்பு தன் சொந்தச் சம்பாத்தியம் என்று சொல்லிப் படுக்க மறுத்தாள், அதனாலேயே ஒரு மாதம் சந்தேகத்துக்கு ஆளானாள். வங்கிக் காவலாளியைத் தெருவில் போகிறவர்கள் எல்லாம் மேலும் கீழும் பார்த்தார்கள். அவர் இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டு இளைத்துப்போனார். குமாஸ்தாவின் மனைவி தன் மேல் பெரும் பாரம் இருப்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபித்தாள், ஆனால் அது கல்யாண காலத்திலிருந்தே இருக்கும் பாரம் என்று தள்ளுபடி ஆனது. மெத்தைகள் மட்டும் நன்றாக விற்றன. கடைக்கு மேலே மாடி வீட்டில் அவள் பதினோராம் அத்தியாயத்தில் இருந்தாள். வாசலில் யார் குரல் கேட்டாலும் இறங்கத் தயாராகப் பேனாவை மூடி வைத்துக்கொண்டு காத்திருந்தாள், கேட்டது மெத்தை வாங்க வந்தவர் குரல் என்று தெரிந்ததும் மறுபடி திறந்தாள்.

நிரூபணத்துக்கும் அந்த மாதங்களில் உடம்பு சரியில்லை. தலை வலித்தது, ஓயாமல் சிந்திப்பதால் என்றார். கன்னத்தைக் கையில் தாங்கி முழங்கையை ஊன்றியபோது மேஜை விரிசல் விட்டது. மரம் மோசம் என்றார். முடிவெட்டும் கடையில் நாற்காலி பின்பக்கமாகச் சாய்ந்தபோது கடைக்காரரின் அலட்சியத்தைக் கண்டித்தார். ஊரில் எல்லோரும் படுத்து எழுந்த பிறகு, எப்படிப் படுத்திருக்க வேண்டும் என்று காட்டுவதற்காக ஒரு நாள் அவரே படுத்தார். உடம்பு சாதாரணமாகத்தான் அழுந்தியது. தலை மட்டும் மெத்தையைத் துளைக்காத குறையாக இறங்கித் தரையைத் தொட்டது. கால்கள் மேலே கிளம்பின.

கூடத்தில் இருந்தவர்கள் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் நிரூபணத்தின் மனைவிதான் பேசினாள். குரலில் கோபமில்லை.

"இவருக்குத் தலைக்கனம்னு எங்கம்மா கல்யாணத்துக்கு முன்னாடியே சொன்னாங்க. நான்தான் கேக்கல."

"சும்மா இரும்மா" என்றார் அண்ணன். "தம்பி, அது ஸ்பிரிங் மெத்தை. மெதுவா எழுந்திரு."

எழ முடியவில்லை. மெத்தையோடு நாலு பேர் சேர்த்துத் தூக்கி மாடிக்குக் கொண்டுபோனார்கள். அண்ணியின் கீழே ஏற்கெனவே இருந்த புது மெத்தையை எடுத்துவிட்டு அங்கே கிடத்தினார்கள். அவள் மேலிருந்து அவர் முகத்தைப் பார்த்தாள். நாவலில் இன்னும் இரண்டு அத்தியாயங்கள் இருந்தன. பேனாவை மூடினாள்.

"வலிக்குதா தம்பி? ஒரு வார்த்தை சொல்லுங்க, இறங்கிடறேன்."

அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது, கண்ணோரம் நீர் கோத்திருந்தது. ஆனால் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து யாரும் அவர் முகத்தில் பார்த்திராத ஒரு மலர்ச்சியும் இருந்தது.

"எவ்வளவு இறங்கிச்சுன்னு அளந்தீங்களா?" என்று அண்ணனைக் கேட்டார்.

"அளந்தோம். ஐம்பத்தெட்டு கிலோவுக்கான பள்ளம்தான் வருது."

"அப்ப விதி சரி." பிறகு மேலே பார்த்துச் சொன்னார்: "இறங்க வேண்டாம் அண்ணி. நீங்க இறங்கிட்டா என்கிட்ட நிரூபணம் இல்லாமப் போயிடும்."

"விதி" என்றாள் அவர் மனைவி, வேறு அர்த்தத்தில்.

அண்ணி இரண்டாம் முறை கேட்கவில்லை. பேனாவைத் திறந்தாள். அந்த நாவல் அந்த வருடமே வந்தது. மிதக்கும் அரசியின் அரண்மனையில், தலையைத் தூக்க முடியாத ஒரு மந்திரி நிலவறையில் படுத்துக்கொண்டு ராஜ்யத்தையே தாங்குவதாக அதில் ஒரு பகுதி உண்டு; வாசகர்கள் மிகவும் ரசித்த பகுதி அது. நிரூபணம் அதைப் படுத்தபடியே படித்து, தமிழில் எழுதப்பட்ட மாயக்கதைகளில் பௌதிகப் பிழை இல்லாதது இது ஒன்றுதான் என்று பாராட்டினார். சமையல் புத்தகம் பற்றிய பேச்சு பிறகு எழவில்லை.

இப்போது பதினான்காவது நாவல் நடக்கிறது. மாணவர்கள் வாரத்தில் மூன்று நாள் அந்த அறைக்கே வந்து, சுவரோரம் உட்கார்ந்து அவரிடம் பாடம் கேட்கிறார்கள். மேலே எழுதிக்கொண்டிருப்பவளுக்குத் தொந்தரவாகக் கூடாது என்று அவர் தாழ்ந்த குரலில்தான் நடத்துகிறார். குழி விழுந்த மெத்தையை அண்ணன் அவ்வப்போது மாற்றிவிடுகிறார். அவளுக்கு ஒரு பழக்கம், வாக்கியம் வராதபோது பேனா மூடியை விரலிடுக்கில் வைத்து உருட்டுவாள். அது அடிக்கடி நழுவி நேராக அவர் நெற்றியில் விழும். ஒவ்வொரு முறையும் விதிப்படிதான் விழுகிறது. அவர் அதை எடுத்து மேலே நீட்டுகிறார், அவள் குனிந்து வாங்கிக்கொள்கிறாள்.