சேற்றிலிருந்து எடுத்த ஸ்கூட்டர்

மூசி ஆற்றில் புதுப் பாலம் திறந்து, பழைய தரைப்பாலத்தை இடிக்கத் தொடங்கிய வாரம் ராஜிக்குப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. ஒரு ஸ்கூட்டர் கிடைத்திருக்கிறதாம். வந்து பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.

அவள் கணவர் ரகுநாதன் போன மழைக்காலத்தில் தில்சுக்நகரில் நண்பரைப் பார்க்கப் போனவர், ஏ.எஸ்.ராவ் நகர் வீட்டுக்குத் திரும்பவில்லை. அன்று வெள்ளம் தரைப்பாலத்தின் மேலேறி ஓடியது. யாரோ ஒருவர் ஸ்கூட்டரோடு அடித்துச் செல்லப்பட்டதைச் சிலர் பார்த்திருந்தார்கள். ஆள் யாரென்று தெரியவில்லை, உடலும் அகப்படவில்லை.

"அவர் எப்பவும் நாகோல், உப்பல் வழியாத்தான் வருவார். அந்தப் பாலத்துப் பக்கமே போகமாட்டார்," என்று ராஜி எல்லோரிடமும் அடித்துச் சொன்னாள். அடிபட்டு, பேர் ஊர் மறந்து, ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார் என்று நம்பினாள். மகன் வினய் காரியம் செய்வதைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவாள்.

வினய் காரைக் கரையோரம் நிறுத்தினான். தரைப்பாலத்துக்கு அடியில் தண்ணீர் போகும் குழாய் ஒன்றிலிருந்து சேற்றை வாரியபோது ஸ்கூட்டர் வந்ததாகக் கான்ஸ்டபிள் சொன்னார். மேலே புதுப் பாலத்தில் போனவர்கள் வண்டியை மெதுவாக்கி எட்டிப் பார்த்தார்கள்.

"மா, நீ வர நக்கோ, வேண்டாம். நான் பார்த்துட்டு வரேன்."

அவள் கேட்கவில்லை. செருப்பு சேற்றில் புதைய இறங்கினாள். நம்பர் பலகை இல்லை. ஆனால் உடைந்த கண்ணாடித் தண்டை ரகுநாதன் செம்புக் கம்பியால் நெருக்கமாகச் சுற்றி வைத்திருந்தார். புதுசு மாற்றுங்கள் என்று அவள் எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறாள். கம்பி அப்படியே இருந்தது. சாவியும் வண்டியிலேயே இருந்தது.

"மாதே," என்றாள் கான்ஸ்டபிளிடம் தெலுங்கில். எங்களுடையதுதான்.

பிறகு வினய்யின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏண்டா இந்த வழியா வந்தார்?"

"தெரியல மா."

"அப்பவே புதுப் பாலத்துக்குத் தூணெல்லாம் எழுப்பியாச்சே. இந்த வெள்ளம் இன்னும் ஒரு வருஷம் கழிச்சு வந்திருக்கக் கூடாதா?"

காரில் ஏறியதும் வினய் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்து அழுதான். ராஜி அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"எங்கயோ இருக்கார்னு நெனச்சுண்டே இருந்தேன்டா," என்றாள். "சாஸ்திரிகளுக்குப் போன் பண்ணு. நாள் பார்க்கச் சொல்லு."