உர்சுலாவுக்கு எட்டாத வண்டி

மனைவி உர்சுலாவை அடக்கம் செய்த மறுவாரம் ஆம்ப்ரோஸின் பிக்கப் வண்டி வளரத் தொடங்கியது. சக்கரங்கள் தரையிலேயே இருக்க, ஸ்பிரிங்குகள் மட்டும் அவரைக்கொடி போல நீண்டு வண்டியை மேலே தூக்கின. ஜாலான் புசாரில் பட்டறை வைத்திருக்கும் அப்துல் அலீம் அடியில் படுத்துப் பார்த்தார். இரும்பு வளருகிறது, அதற்கு ஸ்பேர் பார்ட் கிடையாது என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு சாப்பிடப் போனார்.

ஏர்கான் பழுதுபார்க்கும் தொழிலுக்காக வாங்கிய வண்டி அது. ஆனால் ஆம்ப்ரோஸின் மனத்துக்குள் ஒரு காடு இருந்தது. ஜொகூர் செம்பனைத் தோட்டத்துச் சேற்றில் நண்பர்களோடு இரண்டு முறை வண்டி ஓட்டியவர், மூன்றாம் முறைக்காக ஆண்டுக்கணக்கில் அதைத் தயார்படுத்தினார். முதலில் வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட், பிறகு சேற்றுக்கான டயர்கள், சிக்கினால் இழுத்துக்கொள்ள ஒரு வின்ச். மழை நின்ற அரைமணியில் சாலை காய்ந்துவிடும் ஊரில் இதெல்லாம் எதற்கு என்று கேட்டவர்களுக்குப் பொறுமையாக விளக்கம் சொன்னார். முழங்கால் தேய்ந்துபோன உர்சுலா கேட்டது ஒன்றே ஒன்றுதான். கதவுக்கடியில் கால்வைத்து ஏற ஒரு படி.

“படி வெச்சா கல்லுல இடிக்கும்லா.”

“நம்ம தேக்காவுல எங்கங்க கல்லு இருக்கு?”

இருவரும் சிரித்தார்கள். அந்த மாதம் ஸ்நார்க்கல் வந்தது, ஆற்றில் இறங்கினாலும் எஞ்சின் மூச்சுவிடுவதற்கு. அதன்பின் ஞாயிறு பூசைக்கு அவள் பேருந்திலும் அவர் பிக்கப்பிலுமாக ஒரே கோயிலுக்குப் போய்வந்தார்கள்.

ஒரு புதன்கிழமை காலை அவளுக்கு மூச்சடைத்தது. ஆம்புலன்ஸைவிடத் தன் வண்டிதான் வேகம் என்று நம்பி, அவளைக் கைத்தாங்கலாகக் கீழே அழைத்துவந்தார். அவள் கால் எழும்பவில்லை. தூக்கிப் பார்த்தார், முடியவில்லை. காப்பிக்கடைக்கு ஓடி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலோடு திரும்பியபோது அவள் முன்சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நெஞ்சைப் பிடித்திருந்த கை மடியில் விழுந்து கிடந்தது. அந்தச் சில நிமிடங்களால் எதுவும் மாறியிருக்காது என்று மருத்துவர் சொன்னார். ஆம்ப்ரோஸ் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார், நம்பவில்லை.

முதலாண்டு நினைவுநாளில் மகளைத் தன் வண்டியில் கல்லறைக்கு அழைத்துப்போக வேண்டும் என்பது மட்டுமே அவருக்கு மிச்சமிருந்த ஆசை. கிம்பர்லி ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டாள். “அம்மாவால ஏற முடியாத வண்டியில நான் ஏற மாட்டேன்ப்பா.”

அதனால் அவர் படி பொருத்தினார். வாரத்துக்குள் அது அவர் இடுப்புக்குப் போயிற்று. கீழே இன்னொன்று வைத்தார், அதன் கீழே இன்னொன்று. வின்ச்சையும் ஸ்நார்க்கலையும் கழற்றிப் பார்த்தார். பாரம் குறைந்ததும் வண்டி இன்னும் விரைவாக ஏறியது. கார் நிறுத்துமிட அதிகாரி வந்து அளந்துவிட்டு, நிறுத்திய வண்டி வளரக் கூடாதென்று விதியில் எங்கும் இல்லை, ஆனால் திறந்தவெளியில்தான் நிற்க வேண்டும் என்றார். தவக்காலத்தில் அது இரண்டாம் மாடியை எட்டியது. எத்தனை படிகள் வைத்தாலும், அடியிலுள்ள கடைசிப் படி மட்டும் முழங்கால் தேய்ந்த ஒருத்திக்கு எட்டாத உயரத்திலேயே நின்றது.

நினைவுநாள் காலையில், கையில் புதிய படியோடு வண்டிக்கடியில் நின்றுகொண்டிருந்தார். பூக்களோடு வந்த கிம்பர்லி அண்ணாந்து பார்த்தாள். படியை அவர் கையிலிருந்து வாங்கிப் புல்லில் வைத்தாள்.

“வாங்கப்பா, பஸ்ஸுல போலாம்.”

பேருந்து வந்தது. பெருமூச்சு விட்டு, அவர்கள் நின்ற பக்கமாகச் சாய்ந்து, நடைபாதைக்குத் தன்னைத் தாழ்த்திக்கொண்டது. இது எப்போதும் இப்படித்தானா என்று ஆம்ப்ரோஸ் கேட்டார்.

“வயசானவங்க நின்னா எறக்கிக் கொடுப்பாங்கப்பா. அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க, தனக்கு பஸ்ஸு மண்டி போடுதுன்னு.”

அவர் ஏறினார். காலைத் தூக்கவே வேண்டியிருக்கவில்லை. கல்லறை இருக்கும் சுவா சூ காங் வரும்வரை, பேருந்து எங்கெல்லாம் தாழ்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தார்.

பிக்கப் இப்போது பத்தாம் மாடிக்கு மேலே இருக்கிறது. பிற்பகலில் அதன் நிழலில் துணி காயவில்லை என்று எட்டாம் மாடியில் ஒரு புகார் உண்டு. மற்றபடி, அந்த அடுக்குமாடி புளோக்குக்கு வழி கேட்பவர்களிடம், மேலே பார்த்துக்கொண்டே வாங்க என்று சொல்லிவிடுகிறார்கள்.