ப்ரூயிட் உதைத்த பருவம்

கால்பிரெய்த் ராணுவக் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி அந்தப் பருவத்தில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. செப்டம்பர் வெயிலில் தோற்றது, அக்டோபர் மழையில் தோற்றது. இதில் மகிழ்ந்தவர்கள் முதலாண்டுப் பையன்கள் மட்டும்தான். தங்கள் அணி புள்ளி எடுக்கும்போதெல்லாம், அந்த ஆட்டத்தில் அதுவரை எடுத்த மொத்தப் புள்ளிக்கும் அவர்கள் மைதான ஓரத்தில் தண்டால் எடுக்க வேண்டும். அது அங்கே பழைய வழக்கம்.

ஆல்டன் ப்ரூயிட்டும் முதலாண்டுதான். ஆனால் அணிக்காகப் பந்தை உதைப்பவன், அதனால் தண்டாலிலிருந்து விலக்கு. பந்தை இரண்டு கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் மூன்று புள்ளி. அவன் உதைத்ததோ கம்பங்களைத் தவிர எல்லாப் பக்கமும் போனது. ஒருமுறை வாத்தியக் குழுவின் பெரிய முரசின் மேலேயே விழுந்தது.

"நீ மனுஷனே இல்லடா, தெய்வம்," என்பான் அறைத்தோழன் குவாரெல்ஸ், தன் பங்கு சோளரொட்டியை அவன் தட்டில் வைத்தபடி. "இன்னிக்கும் எங்க கையைக் காப்பாத்திட்ட. நல்லா சாப்பிடு."

ப்ரூயிட் சிரிப்பான். ரொட்டியை மட்டும் தொடமாட்டான்.

நவம்பரில் கடைசி ஆட்டம், ஜென்ம விரோதியான பக்கத்துக் கல்லூரியோடு. அன்று பார்த்து அணிக்கு என்ன வந்ததோ, புள்ளிகளை அள்ளிக்கொண்டே போனது. முதலாண்டுப் பையன்களுக்கு எழுந்தும் விழுந்தும் நாக்குத் தள்ளிப்போனது. கடைசி நொடிகளில் இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தபோது பயிற்சியாளர் ப்ரூயிட்டின் தலைக்கவசத்தைத் தட்டினார்.

"போ தம்பி. கம்பம் எங்க இருக்குன்னு தெரியும்ல?"

"தெரியும் கோச். பந்துக்குத்தான் தெரியல."

ஓரத்திலிருந்து குவாரெல்ஸின் குரல் வந்தது. "ப்ரூயிட்!"

கையைக் காப்பாற்றச் சொல்லப்போகிறான் என்று நினைத்துத் திரும்பினான். முதலாண்டு வரிசை முழுவதும் அவன் உதைக்கும் முன்பே குப்புறப் படுத்து, கையூன்றித் தயாராக இருந்தது.

"சீக்கிரம் உதைடா! தரை ஜில்லுன்னு இருக்கு!"

ஓடிவந்து உதைத்தான். பந்து அம்பாகப் போய், வலது கம்பத்தில் டங்கென்று மோதி, வெளியே விழுந்தது.

தோல்வி. எதிரிகள் தொப்பிகளை வீசினார்கள். ப்ரூயிட் நிமிரவே இல்லை. எண்ணும் சத்தம் கேட்ட பிறகுதான் பார்த்தான். பையன்கள் தண்டால் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சீனியர் ஸ்ட்ரவுட் கத்தினான். "யாருடா உங்களை எடுக்கச் சொன்னது? அதுதான் புள்ளியே இல்லையே!"

"கம்பத்துல பட்டுச்சு சார்!" மூச்சிரைக்கச் சொன்னான் குவாரெல்ஸ். "இந்த வருஷம் அவன் கம்பத்தைத் தொட்டதே இன்னிக்குத்தான்!"

ஸ்ட்ரவுட் சிரிப்பை அடக்க வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். ப்ரூயிட் ஓடிப்போய்த் தோள்கவசத்தோடு குவாரெல்ஸின் பக்கத்தில் படுத்தான். நாலாவது தண்டாலிலேயே கை மடங்கி, முகம் புல்லில் பதிந்தது.

"எழுந்திரு தெய்வமே, இன்னும் நிறைய இருக்கு," என்றான் குவாரெல்ஸ்.

முகத்தைப் புல்லிலேயே வைத்துக்கொண்டு ப்ரூயிட் சிரித்தான். கொஞ்சம் அழுதான் என்றும் சொல்வார்கள். அவன் ஒப்புக்கொள்வதில்லை.