நெஞ்சுப் பட்டை

ஓடும்போது இதயம் என்ன செய்கிறது என்று காட்டும் வகுப்புக்கு, ஓடத்தான் ஆள் கிடைக்கவில்லை. மாணவர்கள் ஆளுக்கொரு கால்வலியைச் சொல்லிக் கழன்றுகொள்ள, உடலியங்கியல் பேராசிரியை தன் தம்பியையே இழுத்து வந்துவிட்டாள். துடிப்பை எண்ணிச் சுவர்த் திரைக்கு அனுப்பும் பட்டை வேலை செய்கிறதா என்று காலையிலேயே ஒன்றைத் தன் நெஞ்சில் கட்டிச் சரிபார்த்திருந்தாள். அதேபோல் இன்னொன்றைத் தம்பியைக் கட்டிக்கொள்ளச் சொல்லி டிரெட்மில்லில் ஏற்றினாள். இயந்திரத்தை இன்னும் முடுக்கவே இல்லை. சுவரிலிருந்த திரை தொண்ணூற்றெட்டு என்றது.

“காபி குடிச்சியா? குடிக்காதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!”

“சத்தியமா இல்லக்கா.”

நூற்றுப் பன்னிரண்டு.

“பாத்தீங்களா?” என்று மாணவர்கள் பக்கம் திரும்பினாள். “வாய் பொய் சொன்னாலும் உடம்பு காட்டிக்கொடுத்துடும். டேய், எத்தனை கப்?”

நூற்று இருபத்தாறு.

தம்பிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சட்டைக்குள் கையை விட்டுப் பட்டையை அவிழ்த்து அவள் கையில் திணித்தான். “இந்தா, நீயே ஓடிக்கோ!”

திரை அசரவில்லை. நூற்று முப்பத்தொன்று.

பேராசிரியை மெல்லத் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள். காலையில் கட்டியதை அவிழ்க்கவே மறந்திருக்கிறாள். திரை இத்தனை நேரமும் அவளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தது. முதலில் சிரித்தது அவள்தான். அப்புறம் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி வகுப்பே சிரித்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பலகையில் எழுதினாள்: ‘ஓடாமலே இதயத் துடிப்பு ஏறக் காரணங்கள். ஒன்று: தம்பி.’