பெரிசா ஒண்டும் தின்னாது

கட்டுக்கரைக் குளம் நிறைந்து நிற்கும் மாதங்களில் எனக்கு வேலை ஓடாது. குளக்கட்டில் ஸ்கூட்டியை நிறுத்தினால், தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று பார்த்தபடியே அரைமணி போய்விடும். அன்றும் அப்படித்தான் நின்றேன், நிற்க நேரமில்லாத நாளில். பின்னேரம் ஐந்து மணிக்குள் என் அறிக்கை கொழும்புக்குப் போக வேண்டும்.

என் வேலையைச் சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். நாய் பூனைக்குச் சுகமில்லையென்றால் போனில் கேள்வி கேட்டு, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்றோ, இன்றே வைத்தியரிடம் போங்கள் என்றோ சொல்லும் செயலி ஒன்றைச் சிலர் செய்திருந்தார்கள். எங்கள் பக்கத்துச் சனத்துக்கு அது சரியாகச் சொல்கிறதா என்று பார்ப்பது நான். ஒரு மாதமாக முப்பது வீட்டுக்காரர் தினமும் அதனோடு பேசிவந்தார்கள். பிழை எதுவும் அகப்படவில்லை. 'நம்பலாம்' என்று எழுதி, நிவேதிகா என்று கீழே பெயரும் போட்டாயிற்று. அனுப்புவதுதான் பாக்கி.

அன்று நான் போகவேண்டிய கடைசி வீடு கனகம்மா அக்காவுடையது. புருசன் போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. இரண்டு ஏக்கர் வயலும் கறுவல் என்ற நாயும்தான் அவருக்கு மிச்சம். வயலுக்குப் போகும்போது அக்கா முன்னே, கறுவல் பின்னே. பன்றி வந்தால் மட்டும் கறுவல் முன்னே.

அது மாமரத்தடியில் படுத்திருந்தது. இலைகளுக்குள்ளால் விழுந்த வெயில் அதன் முதுகில் மெல்ல அசைந்தது. குளத்தின் அடியில் யாரோ படுத்து உறங்குவதுபோல இருந்தது எனக்கு. வேறு நாளென்றால் ஸ்கூட்டிச் சத்தத்துக்கே ஒழுங்கை முனைக்கு ஓடிவரும் சனியன், வாலைக்கூட ஆட்டவில்லை.

இரண்டு நாளாகத் தண்ணீர் மட்டும்தான் குடிக்கிறதென்று அக்கா சொன்னார். போனுக்கும் சொன்னாராம். அது எழுதியதைக் காட்டினார்: 'வழமையில் மாற்றம் இல்லை. வீட்டில் வைத்துப் பாருங்கள்.' அதைக் காட்டும்போது அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. நீ கொண்டுவந்து தந்த போன் பிழையாகச் சொல்லாதுதானே என்றும் கேட்டார்.

பழைய பதிவுகளைத் திறந்தேன். இன்று எவ்வளவு சாப்பிட்டது என்ற கேள்விக்கு முப்பது நாளும் ஒரே பதில்: 'பெரிசா ஒண்டும் தின்னாது.' ஒரு சட்டி சோற்றை மீன் தலையோடு முடித்துவிட்டு, என் செருப்பையும் ஒரு பார்வை பார்க்கிற நாய் இது!

பிறகுதான் விளங்கியது. விளங்கியதும் என்மேல்தான் கோபம் வந்தது. எங்கள் பக்கத்தில் யார் தன் பிள்ளை நன்றாகத் தின்கிறதென்று வாய்விட்டுச் சொல்வார்கள்? கண்பட்டுவிடும், நாவூறு பட்டுவிடும். குண்டுக் குழந்தையாக இருந்த என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, இது எங்கே சாப்பிடுகிறது என்று என் அம்மாவே அலுத்துக்கொண்டவர்தான். போன் பாவம், சொன்னதை நம்பியது. என்றைக்கும் தின்னாத நாய் இன்றைக்கும் தின்னவில்லையென்றால் அதற்கு அதில் என்ன புதினம்?

"அக்கா, போனுக்கு உள்ளதைச் சொல்லுங்கோ. இல்லாட்டி இது கறுவலைச் சாக விட்டிடும்."

அவர் என்னைப் பார்த்தார், கறுவலைப் பார்த்தார். போனை எடுத்துக்கொண்டு, நாய்க்குக் கேட்காத தூரத்தில், கிணற்றடிக்குப் போய் முதுகைக் காட்டி நின்றார். நான் ஓட்டோவுக்கு அழைத்துவிட்டு அருகே போனபோது அவர் குரல் கிசுகிசுப்பாகக் கேட்டது.

"நல்லாத் தின்னுவான். ரெண்டு நேரமும் சட்டி வழிச்சுத் தின்னுவான். என்ர பிள்ளை."

சொல்லிவிட்டுக் குனிந்து மண் எடுத்து, மூன்று தரம் துப்பி எறிந்தார். போன் சற்று யோசித்தது. பிறகு, 'இன்றே கொண்டுபோங்கள்' என்றது.

உண்ணிக் காய்ச்சல் என்றார் மிருக வைத்தியர். இன்னொரு நாள் போயிருந்தால் சொல்வதற்கில்லையாம். ஆசுப்பத்திரி மர வாங்கிலில் உட்கார்ந்தபடியே மற்ற வீட்டுப் பதிவுகளைப் பார்த்தேன். பத்தொன்பது வீடுகளில் நாய்கள் மாதம் முழுக்கப் பட்டினி. 'நம்பலாம்' என்பதை அழித்தேன். எவ்வளவு தின்றது என்று எங்கள் சனத்திடம் கேட்காதீர்கள், தின்ற சட்டியைப் படம்பிடித்து அனுப்பச் சொல்லுங்கள் என்று எழுதி அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து அதே குளக்கட்டில் தண்ணீரைப் பார்த்து நிற்கும்போது அக்காவுக்குப் போன் எடுத்தேன். கறுவல் எப்படி என்று கேட்க வாய் கூசியது. மறுபக்கம் வெறும் சட்டியொன்று முற்றமெல்லாம் இழுபடும் சத்தம் கேட்டது.

"என்னத்தைச் சொல்ல, பிள்ளை," என்றார் அக்கா. "பெரிசா ஒண்டும் தின்னிறான் இல்லை."

நான் சந்தோசத்தில் அழுதுவிட்டேன்.