நெளிகிற கிளை

கராம்பு மரம் ஆளைப் பார்த்துத்தான் தாங்கும். அடிக்கிளை எருமையையும் சுமக்கும். நுனிக்கிளை சொல்லாமல் கொள்ளாமல் ஒடியும். அதனால் நுனிக்கு எடை குறைந்தவர்களைத்தான் ஏற்றுவார்கள். மகேஸ்வரன் வீட்டில் அது மகள் ஜெயந்தினி. பதினைந்து வயது.

"அப்பா, கெளை நெளியுது!"

"நெளியுற கெளை ஒடியாது. நீ பறி!"

மகேஸ்வரன் சிறுவனாய் நுனியில் நின்ற காலத்தில் அவனுடைய அப்பனும் கீழே நின்று அதையேதான் கத்தினான்.

அந்த நேரம் பார்த்துச் சிறுவர் பாதுகாப்புக் கந்தோரிலிருந்து நஸ்மியா மிஸ் வந்து நின்றாள். யாரோ போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

"அண்ணே, புள்ளய எறக்குங்க."

"எம் புள்ள, எம் மரம். பெத்தவனுக்குத் தெரியாததா ஒங்களுக்குத் தெரியும்?"

"தெரிஞ்சும் ஏத்துறீங்களே!"

"நானும் இந்த வயசுல ஏறினவன்தான் மிஸ். செத்தா போய்ட்டேன்?"

"செத்தவங்க வந்து சொல்ல மாட்டாங்க அண்ணே. இன்னொரு தரம் இவள மரத்துல கண்டா கோர்ட்டுக்குத்தான் போகும். புள்ளய ஹோம்ல போட்டுருவாங்க."

ஜெயந்தினி இறங்கி வந்தாள். ஏணியின் கடைசிப் படியில் அவள் கால் வெடவெடத்தது. மிஸ்ஸுக்குப் பயந்து என்று மகேஸ்வரன் நினைத்துக்கொண்டான்.

சாயந்தரம் முழுக்க அவன் குதித்தான். "காத்துல கூரை போனப்ப ஒரு நாய் எட்டிப் பாக்கல. இப்ப மட்டும் அக்கறை பொத்துக்கிட்டு வருது! விடிஞ்சதும், கந்தோர் தொறக்கிறதுக்கு முந்தி, ஏத்திருவோம்."

"அவள இழுத்துட்டுப் போனா யாரு போய் மீட்குறது?" என்றாள் மனைவி தவமணி. "நுனிக்கு நான் ஏறுறேன்."

"நீயா?"

"பின்ன நீங்களா? நீங்க ஏறினா மரமும் ஒங்க கூடவே எறங்கிரும்."

மூன்று பேரும் சிரித்தார்கள். மொட்டு சிவந்துவிட்டது, விரிந்தால் பூ, அப்புறம் அது கராம்பு இல்லை. தவமணி மகளைவிடச் சற்றுத்தான் கனம் என்று அவனும் சம்மதித்தான்.

காலையில் தவமணி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். கொக்கியால் கிளையை வளைத்தவள் மேலிருந்து குரல் கொடுத்தாள்.

"இஞ்சேருங்க, நெளியுதுங்க!"

"நெளியுற கெளை ஒடியாது!"

ஒடிந்த சத்தம் பெரிதாகக்கூட இல்லை. கீழே கல் கட்டு. த்ரீவீல் மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே அவள் போய்விட்டாள்.

சாவு வீட்டு வாசலில் நஸ்மியா மிஸ் வந்து நின்றபோது மகேஸ்வரன் எழுந்தான். நீ வராமல் இருந்தால் என் பொஞ்சாதி இருந்திருப்பாள். இரண்டு நாளாக அதைத்தான் பல்லுக்குள் வைத்திருந்தான். அது பொய்யும் இல்லை. மிஸ் வராமல் இருந்தால் அதே கிளையில் ஜெயந்தினி நின்றிருப்பாள். அதுவும் பொய் இல்லை.

"எப்படிண்ணே நடந்துச்சு?" மிஸ்தான் முதலில் கேட்டாள்.

"நெளியுதுன்னு சொன்னா மிஸ்..."

பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ஜெயந்தினி நிமிரவில்லை.

"அதுக்கு அப்பா என்ன சொன்னாங்கன்னு கேளுங்க மிஸ்."

மிஸ் கேட்கவில்லை. மகேஸ்வரன் நின்ற இடத்திலேயே குந்திவிட்டான். மூங்கில் ஏணி இன்னும் மரத்தில்தான் சாத்தியிருந்தது.